கேப்டன் இருக்கையும் வெள்ளிக்கிழமை மாலையும்

கேள்வி:

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் 737 ரக விமானத்தின் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். பணி மையம் நியூவார்க். குடியிருப்பது நியூ ஜெர்சி மாநிலத்தின் டீநெக். வயது 38. யூதக் குடும்பம். நான் வளர்ந்த வீட்டில் சமய அனுசரிப்பு ஓரளவே இருந்தது. என் மனைவி வைதிகமான வீட்டிலிருந்து வந்தவர். இப்போது எங்கள் வீட்டில் சப்பாத் ஓய்வுநாளை எல்லோரும் முழுமையாகக் கடைப்பிடிக்கிறார்கள், என்னைத் தவிர. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது நான் பறந்துகொண்டிருக்கிறேன். இந்த நிலையில் கேப்டன் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் முறை எனக்கு வந்திருக்கிறது. மூத்த மகனுக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில் பார் மிட்ஸ்வா, அதாவது 13 வயதில் நடக்கும் சமயச் சடங்கு. "சீருடைக்காகப் பரம்பரையை விற்றுவிட்டாய்" என்கிறார் என் தந்தை. கேப்டன் பதவியை ஏற்பதா? சனிக்கிழமையே பறக்காத இஸ்ரேலின் எல் அல் விமான நிறுவனத்துக்குப் போய்விடுவதா? அல்லது சட்டத்தின் துணையோடு சனிக்கிழமை விடுப்பை இங்கேயே கேட்டு வாங்க முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

மூன்று கேள்விகளுக்கும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வருகின்றன. கேப்டன் பதவி உயர்வை இந்தச் சுற்றில் ஏற்க வேண்டாம். அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் ஏற்கும்படி திட்டமிடுங்கள். எல் அல் நிறுவனத்துக்கு மாறுவது நீங்கள் நினைக்கும் சிக்கலைத் தீர்க்காது. சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் பணிமூப்பு வரிசையை உங்களுக்காக மாற்றி எழுதித் தராது. விமானப் பணியாளர்களின் பணி அட்டவணையைத் தயாரிக்கும் பிரிவில் நீண்ட காலம் இருந்துவிட்டு, இப்போது விமானிகளுக்குப் பணி ஆலோசனை சொல்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் யூதன் அல்லன். சமயச் சட்டம் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. எது கூடும், எது கூடாது என்பதை உங்கள் சமய குருவான ரப்பியிடம் கேளுங்கள். எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பயணிகள் விமானங்களை இயக்குவோருக்கான பணிநேர விதிகளின்படி, எந்த 168 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு விமானிக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரம் எல்லாப் பணிகளிலிருந்தும் விடுதலை இருந்தாக வேண்டும். சப்பாத்தோ, வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் விளக்கேற்றுவதில் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம். ஆக, வாரத்துக்கு ஒரு சப்பாத் அளவுள்ள ஓய்வு உங்களுக்கு விதிப்படியே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது எந்தக் கிழமையில் விழுகிறது என்பதில்தான் உங்கள் சிக்கல். கிழமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்கள் தொழிலில் திறமையோ, குடும்பத் தேவையோ, மேலதிகாரியின் நல்லெண்ணமோ தருவதில்லை. பணிமூப்பு எண் ஒன்றுதான் தருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் கணக்காகிவிடும்.

நிறுவனத்தின் மொத்தப் பட்டியலில் உங்கள் எண் ஒன்றுதான் என்றாலும், மாதாமாதம் விருப்பப் பணிகளைக் கேட்கும்போது அந்த எண்ணுக்கு இருக்கும் வலிமை, நீங்கள் எந்த நகரில், எந்த ரக விமானத்தில், எந்த இருக்கையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். நியூவார்க்கின் 737 துணை விமானிகளுக்குள் நீங்கள் இன்று நடுப்பகுதிக்கு மேலே இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அதனால்தான் மாதத்தில் பெரும்பாலான சனிக்கிழமைகள் உங்கள் கையில் நிற்கின்றன. கேப்டன் அமரும் இடப்பக்க இருக்கைக்கு மாறும் நாளில், அதே எண் அங்கே அமர்ந்திருக்கும் கேப்டன்கள் எல்லோருக்கும் பின்னால் போய்விடும். சம்பளம் கணிசமாக உயரும். தேர்வுரிமை அதே வேகத்தில் இறங்கும். புதிய கேப்டன்களில் பலருக்கு நிலையான பணிப்பட்டியலே கிடைப்பதில்லை. ரிசர்வ் என்னும் காத்திருப்புப் பணியில்தான் தொடங்குவார்கள்.

ரிசர்வ் பணியை உங்கள் வீட்டுக் கண்ணோட்டத்தில் சற்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்களுக்கு அது சனிக்கிழமை வீட்டிலேயே இருந்து, அழைப்பு வந்தால் மட்டும் கிளம்பும் ஏற்பாடு. உங்களுக்கு அப்படியன்று. அழைப்பை எடுக்கக் கையில் தொலைபேசி இருக்க வேண்டும். சப்பாத்தில் அதைத் தொடுவதே விலக்கு. அழைப்பு வராமல் போனாலும் அந்த நாள் உங்களுக்குச் சப்பாத் ஆகாது. மேசையில் உங்கள் நாற்காலி நிரம்பியிருக்கும், காது மட்டும் வேறெங்கோ இருக்கும். பிள்ளைகள் இதைக் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விமானத்தில் பறந்து போவதைவிட வீட்டிலிருந்துகொண்டு ரிசர்வில் காத்திருப்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்குக் கடினம் என்பது என் கருத்து.

அப்படியானால் எப்போது ஏற்பது? "கேப்டன் இருக்கை கிடைக்குமா" என்பதை விட்டுவிட்டு, "கேப்டனாக இருந்துகொண்டு வெள்ளி, சனி இரண்டு நாளும் ஓய்வாகக் கேட்டால் கிடைக்குமா" என்று பாருங்கள். இதற்கு ஜோசியம் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் யாருக்கு எந்தப் பணி ஒதுக்கப்பட்டது என்ற முடிவுப் பட்டியல் உங்கள் யூனியன் உறுப்பினர்கள் பார்க்கும்படி வெளியாகிறது. நியூவார்க் 737 கேப்டன்களில் உங்கள் எண்ணுக்கு மிக அருகில் இருப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். கடந்த ஓராண்டில் அவருக்கு என்ன கிடைத்தது என்று மாதவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஜூலையையும் டிசம்பரையும் பாருங்கள். அந்த இரண்டு மாதங்களிலும் அவருக்குச் சனிக்கிழமைகள் கிடைத்திருந்தால் நீங்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஒருமுறை இருக்கை மாறினால் குறிப்பிட்ட காலத்துக்குத் திரும்ப முடியாது என்ற கட்டுப்பாடு பல நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இருப்பதால், "ஏறிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் இறங்கிவிடலாம்" என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

காத்திருப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்க விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 2007 டிசம்பரில் 60இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டபோது, மேலே இருந்தவர்கள் நகராமல் நின்றுவிட, கீழே இருந்தவர்களின் பதவி உயர்வு ஆண்டுக்கணக்கில் உறைந்துபோனது. உங்கள் நிறுவனத்தின் மூத்த துணை விமானிகளைக் கேட்டால் இன்றும் கசப்போடு சொல்வார்கள். எனவே உங்கள் பணி மையத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளில் 65 வயதை எட்டும் கேப்டன்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் எடுங்கள். உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் 27 ஆண்டுகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகள் தள்ளிப் போட்டாலும் 24 ஆண்டுகள் கேப்டனாகப் பறக்கலாம். உங்கள் மகன் வீட்டில் இருக்கப்போகும் ஆண்டுகளோ ஐந்தோ ஆறோதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுச் சம்பள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். நேர்மாறான வரிசையில் கணக்கிட்டால் விடை வேறாகத் தோன்றும்.

பெரிய விமானத்துக்கு, அதாவது கண்டம் தாண்டும் பணிக்குத் துணை விமானியாகவே மாறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அங்கேயும் வரிசையின் அடியில்தான் தொடங்க வேண்டும். பசிபிக் கடலில் தேதி மாறும் கோட்டைத் தாண்டினால் இன்னொரு சிக்கலும் வரும்: எந்த நாள் சனிக்கிழமை என்பதிலேயே யூதச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. 1941இல் ஐரோப்பாவிலிருந்து தப்பி ஜப்பானின் கோபே நகருக்கு வந்திருந்த யூத அகதிகள், யோம் கிப்பூர் நோன்பை எந்த நாளில் நோற்பது என்று தந்தி அடித்துக் கேட்டபோது, எருசலேமில் கூடிய ரப்பிகள் உள்ளூர்க் கணக்கின்படி புதன்கிழமை என்றார்கள். ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட பேரறிஞரோ புதன்கிழமை உண்டு, வியாழக்கிழமை நோன்பிருங்கள் என்றார். டோக்கியோவில் இறங்கும் விமானி ஒரு சப்பாத்துக்குப் பதிலாக இரண்டு நாள் கவலைப்பட வேண்டியிருக்கும். நியூவார்க்கிலிருந்து ஃபுளோரிடா போய் அன்றே திரும்பும் பணியில் இந்தத் தொல்லை இல்லை.

இனி எல் அல். 1948இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 1982இல் இஸ்ரேலியப் பிரதமர் பெகினின் அரசு எடுத்த முடிவுக்குப் பிறகு சப்பாத்திலும் யூதத் திருநாள்களிலும் விமானங்களை இயக்குவதில்லை. தனியார் கைக்குப் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. 2006 இறுதியில், வேலைநிறுத்தத்தால் தாமதமான சில விமானங்களை ஓய்வுநாள் தொடங்கிய பின்னும் இயக்கியதற்காக, ஹரேதி எனப்படும் கடும் வைதிகச் சமூகம் அதைப் புறக்கணித்து, பிறகு சமரசம் ஆனது. இவற்றைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். ஆனால் விமானம் தரையில் நிற்பதும் விமானி வீட்டில் இருப்பதும் ஒன்றல்ல. வியாழக்கிழமை டெல் அவீவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன விமானி, வெள்ளிக்கிழமை திரும்ப வழியில்லாமல், சப்பாத் முழுவதையும் அங்கே ஒரு விடுதி அறையில்தான் கழிக்க வேண்டும். அவர் விதியை மீறவில்லை. ஆனால் மனைவி மக்களோடும் இல்லை. உங்கள் கடிதத்தில் தெரியும் ஏக்கம், விதியைப் பற்றியதைவிட மேசையைப் பற்றியது என்று நான் படிக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு எல் அல் விடையாகாது. மேலும் அங்கே போனால் பணிமூப்பில் கடைசி ஆளாகத் தொடங்குவீர்கள். விமானி உரிமத்தை மாற்ற வேண்டும். இஸ்ரேலிய விமானப் படையிலிருந்து வந்தவர்கள் நிறைந்த, எபிரேயம் புழங்கும் பணியிடத்தில் புதியவராக நிற்க வேண்டும். பதின்வயதை எட்டும் பிள்ளையை வேறு மொழிப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இஸ்ரேலில் குடியேற வேண்டும் என்பதே உங்கள் இருவரின் நெடுநாள் விருப்பமாக இருந்தால் அது வேறு முடிவு, அதற்கு வேறு காரணங்கள் உண்டு. பணி அட்டவணைக்காக நாடு மாறாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, உங்களைப் போன்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு, தற்செயலாக, ஒரு விமான நிறுவனத்தைப் பற்றியதே. கான்சஸ் சிட்டியில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தில் பணிபுரிந்த லாரி ஹார்டிசன், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அவருக்காகப் பணிமூப்பு ஒப்பந்தத்தை மீறி இன்னொருவரைச் சனிக்கிழமை வேலைக்கு இழுக்க வேண்டியதில்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அற்பச் செலவுக்கு மேல் ஆனாலே நிறுவனம் மறுக்கலாம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பின் ஒரு வரி பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. 2023 ஜூனில் கிராஃப் எதிர் டிஜாய் வழக்கில், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மறுத்த ஓர் அஞ்சல் ஊழியரின் பொருட்டு, அதே நீதிமன்றம் ஒருமனதாக அந்த அளவுகோலை உயர்த்தியது: நிறுவனத்தின் தொழிலைக் கணக்கில் கொண்டு பார்த்தால் கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று காட்டினால்தான் மறுக்க முடியும். இந்த மாற்றம் உங்களுக்கு நல்லதே. ஆனால் பிற ஊழியர்கள் ஒப்பந்தப்படி பெற்ற பணிமூப்பு உரிமையைப் பறித்து உங்களுக்குத் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

எனவே "சனிக்கிழமை எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் மறுப்பு வரும். மறுப்பு வந்த பின் மனக்கசப்பும் வரும். கேட்க வேண்டியது வேறு. சக விமானியோடு நீங்களே பேசி முடித்த பணிமாற்றத்தை, காலக்கெடு சற்றுத் தாண்டியிருந்தாலும் அட்டவணைப் பிரிவு ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். ஆட்கள் போதுமான அளவு இருக்கும் சனிக்கிழமைகளில் ஊதியமின்றிப் பணியை விட்டுவிட அனுமதி கேளுங்கள். சிமுலேட்டர் பயிற்சி சனிக்கிழமை விழுந்தால் அதே வாரத்தில் வேறு நாளுக்கு மாற்றக் கேளுங்கள். இவை யாருடைய உரிமையையும் தொடாதவை. நிறுவனத்துக்குப் பெரிய செலவு வைக்காதவை. கடிதத்தின் படி ஒன்று யூனியன் பிரதிநிதிக்கும் போகட்டும்.

பணிமாற்றம் என்றதும், உங்களிடம் இருக்கும் ஒரு வலிமையை நீங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மற்ற விமானிகள் சண்டையிட்டுக் கேட்பது சனி, ஞாயிறு இரண்டையும். நீங்கள் கேட்பது வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை பயணிகள் நெரிசல் மிகுந்த நாள். காலையில் தேவாலயம் போக விரும்புபவரும், மகளின் கால்பந்தாட்டத்தைப் பார்க்க விரும்புபவரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புத்தாண்டு இரவு ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். அன்றைக்கு உங்களுக்கு வீட்டில் எந்த விசேஷமும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே உங்கள் பணி மையத்தில் நம்பகமான சிலரிடம் பேசி, "கிறிஸ்துமஸ் வாரம் என்னுடையது, அதற்கு ஈடாக இந்தச் சப்பாத்களில் நீங்கள்" என்று வெளிப்படையாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அட்டவணைப் பிரிவில் இருந்த காலத்தில் நான் பார்த்தவரை, இப்படிக் கொடுத்து வாங்குபவர்களுக்குத்தான் அவசரத்தில் உதவ ஆள் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதுகாப்பும் கலந்திருக்கிறது. விளக்கேற்றும் நேரம் பொதுவாகச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன். ஜூன் மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் மறைய இரவு 8.30 ஆகும், டிசம்பரில் மாலை 4.30க்கே மறைந்துவிடும். ஜூன் வெள்ளிக்கிழமையில் நண்பகலுக்குள் முடியும் ஒருநாள் பயணத்தைத் தாராளமாக ஏற்கலாம். டிசம்பர் வெள்ளிக்கிழமையில் அதே பயணத்தை ஏற்றால், பனி படிந்த இறக்கைகளில் திரவம் தெளிக்கும் வரிசையில் நின்றுகொண்டே மேற்கு வானத்தைப் பார்ப்பீர்கள். வீடு சேரும் அவசரம் விமானிகளின் தீர்ப்பைக் கெடுக்கும் பழைய நோய். விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட காரணம். உங்களுக்கு அந்த அவசரம் வாரந்தோறும் ஒரு குறித்த நிமிடத்தோடு வருகிறது. புயலைச் சுற்றிப் போவதா, எரிபொருள் போதுமா, இறங்காமல் மறுபடி சுற்றி வருவதா என்ற முடிவுகளில் சூரியனுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, அந்த நிலைமையே வராதபடி முன்கூட்டியே பணியைத் தேர்ந்தெடுப்பதுதான்.

இது உங்கள் மரபுக்கும் புதிதல்ல. சப்பாத்துக்கு மூன்று நாளுக்கும் குறைவாக இருக்கும்போது கப்பலில் புறப்படாதே என்று யூதச் சட்ட நூலான தல்மூது சொல்கிறது; அறச்செயலுக்கான பயணத்துக்கு மட்டும் விலக்கு. கடல் யாருக்கும் நேரம் தராது என்பதை அறிந்தவர்கள் வகுத்த இடைவெளி அது. நீங்களும் எழுத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெள்ளிக்கிழமைப் பணி இல்லை, மற்ற மாதங்களில், அட்டவணைப்படி வந்துசேரும் நேரத்துக்கும் விளக்கேற்றும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம். அதையும் மீறித் தாமதமாகிவிட்டால், நடுவானில் இருக்கும் விமானத்தைப் பத்திரமாக இறக்குவது உயிர்காக்கும் கடமை. உயிர்காக்கும் கடமைக்கு முன் ஓய்வுநாள் விதிகள் நிற்பதில்லை என்பது யூதச் சட்டத்தின் அடிப்படை. இறங்கிய பின் காரை ஓட்டி வீட்டுக்கு வருவதா, விமான நிலையத்துக்கு அருகே தங்குவதா என்பதை மட்டும் ரப்பியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவரை அழைத்துக் கேட்க முடியாது அல்லவா!

திருநாள்கள் எளிது, ஏனென்றால் எபிரேய நாள்காட்டி கணக்கிட்டு வைத்த ஒன்று. பத்து ஆண்டுக்குப் பிந்தைய யோம் கிப்பூர் எந்த நாள் என்பதை இன்றே சொல்லிவிடலாம். இஸ்ரேலுக்கு வெளியே, வேலை விலக்கப்பட்ட திருநாள்கள் ஆண்டுக்கு 13. இவற்றில் ஏழு செப்டம்பர், அக்டோபரில் நெருக்கமாக வருகின்றன. பள்ளிகள் திறந்துவிட்ட அந்தக் காலத்தில் மற்ற விமானிகள் விடுமுறை கேட்பது குறைவு. உங்கள் எண்ணுக்குத் தாராளமாகக் கிடைக்கும். பெசாக் எனப்படும் பாஸ்கா திருநாள் மட்டும் சில ஆண்டுகளில் ஈஸ்டரோடும் வசந்தகால விடுமுறையோடும் மோதும். 2026இல் பெசாக் ஏப்ரல் 1 மாலை தொடங்க, ஈஸ்டர் ஏப்ரல் 5. எல்லோரும் அந்த வாரத்தையே கேட்பார்கள். 2027 கூடுதல் மாதம் சேரும் எபிரேய நெட்டாண்டு என்பதால் பெசாக் ஏப்ரல் 21 மாலைக்குத் தள்ளிப்போக, ஈஸ்டர் மார்ச் 28இலேயே முடிந்துவிடுகிறது. அப்போது உங்களுக்குப் போட்டி குறைவு. ஆண்டு விடுமுறையைக் கேட்கும்போது மோதும் ஆண்டில் பெசாக்கை முதல் விருப்பமாகவும், மோதாத ஆண்டில் இரண்டாம் விருப்பமாகவும் வையுங்கள்.

நோன்பு நாளில் பறக்காதீர்கள். யோம் கிப்பூர் அன்று எப்படியும் பறக்கமாட்டீர்கள். ஆனால் கோடையில் வரும் திஷா பாவ் நோன்பு பலருக்கு நினைவிலிருந்து நழுவும், அதுவும் ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீரும் இல்லாதது. பணிக்குத் தகுதியான உடல்நிலையில் வந்து நிற்பது விமானியின் சொந்தப் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூத உணவு விதிகளின்படி தயாரான கோஷர் பொட்டலம் நிறுவனத்திலிருந்து வரும் என்று நம்பிக் கிளம்பாமல் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். இரண்டு விமானிகளும் ஒரே உணவை உண்ணாமலிருப்பது நல்லது என்ற பழைய வழக்கத்துக்கும் அது பொருந்திப்போகும்.

உங்கள் தந்தை சொன்ன சொல்லுக்கு வருகிறேன். சீருடைக்கும் பரம்பரைக்கும் இடையிலான வழக்கு உங்கள் வீட்டில் தொடங்கியதன்று. அமெரிக்க விமானப் படையில் உளவியலாளராக இருந்த கேப்டன் சிம்ஹா கோல்ட்மன், சீருடையோடு கிப்பா என்னும் சிறு யூதத் தொப்பியை அணிய உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த உரிமையைத் தந்தது. அவர் சீருடையைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது. இஸ்ரேலிய விமானப் படை விமானி இலான் ரமோன் வைதிகர் அல்லர். இருந்தும் 2003இல் கொலம்பியா விண்கலத்தில் போனபோது கோஷர் உணவைக் கேட்டு எடுத்துச் சென்றார். தாம் தம் மக்கள் அனைவரின் சார்பிலும் போவதாக அவர் கருதியதே காரணம். பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் ஒரு சிறுவனின் பார் மிட்ஸ்வா மறைவாக நடந்தபோது பயன்பட்ட, யூத வேதமான தோராவின் சின்னஞ்சிறு சுருளையும் அவர் உடன் கொண்டுபோயிருந்தார். அந்தக் கலம் திரும்பவில்லை. இவற்றைத் தந்தையிடம் வாதமாக வைக்கச் சொல்லவில்லை. பெரியவர்களோடு வாதிட்டு வென்றவர் யார்? உங்களுக்கே தெளிவு வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் நீங்கள் வீட்டில் இருக்கத் தொடங்கிய சில மாதங்களில் அவர் குரல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால், அவருடைய வருத்தம் வேறு எதைப் பற்றியோ. அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மனைவி என்ன சொல்கிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் இல்லாத சப்பாத்களை நடத்தி வந்திருப்பவர் அவர். திராட்சை ரசத்தின் மேல் சொல்லும் கித்துஷ் வாழ்த்தையும் நீங்கள் இல்லாத இரவுகளில் அவரே சொல்லியிருப்பார். கேப்டன் சம்பளம் வந்தால் அவருடைய வேலைநேரத்தைக் குறைக்க முடியும் என்று அவர் கணக்கிட்டிருக்கவும் கூடும். அப்படியானால் என் விடையின் முதல் பகுதி மாறலாம். எந்த வெள்ளிக்கிழமைகள் தவறவே கூடாது, எவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்ற பட்டியலை அவர்தான் எழுத வேண்டும். நீங்கள் அதை விருப்பப் பணிப் பட்டியலாக மாற்றுங்கள். தவிர்க்க முடியாமல் வெளியூரில் இருக்கும் வாரத்தில், உங்கள் கடிகாரத்தை மறந்து, வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு அரை மணி முன்பு அழையுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மூன்று மணி நேரம் பின்னால் இருப்பதால் உங்களுக்கு அது பகல் வேளையாக இருக்கும். மகனுக்கு எப்ராயீம், மனாசே பெயர் சொல்லியும், பெண் குழந்தை இருந்தால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்களைச் சொல்லியும் தந்தை வழங்கும் வெள்ளிக்கிழமை ஆசியை அப்போதே சொல்லிவிடலாம்.

பார் மிட்ஸ்வாவுக்கு மகன் எந்தச் சனிக்கிழமை, தோராவின் எந்தப் பகுதியை வாசிக்கப்போகிறான் என்பது உங்கள் தொழுகைக்கூடத்தில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அந்த வாரத்தை மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய வாரத்தையும் சேர்த்து, இந்த இலையுதிர் காலத்தில் தொடங்கும் ஆண்டு விடுமுறைத் தேர்வில் முதல் விருப்பமாகப் பதிவு செய்யுங்கள். வாசிப்பை அவன் உங்களிடம் ஒப்புவிக்க ஒரு வாரம் வேண்டும். கேப்டன் இருக்கைக்கு இந்தச் சுற்றில் விண்ணப்பித்திருந்தால், பயிற்சி எந்த வாரத்தில் விழும் என்பது உங்கள் கையில் இருந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். நியூவார்க் 737 கேப்டன்களின் ஜூலை, டிசம்பர் முடிவுப் பட்டியல்களையும், உங்கள் எண்ணுக்கு அருகில் இருப்பவரின் விவரத்தையும், பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டில் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பார்த்து எழுதுகிறேன்.